தங்கச்சி புகுந்த வீடு போனதிலிருந்து பூனை இரவெல்லாம் கத்துகிறது, சரியாகச் சாப்பிடவும் இல்லை

தென்பெண்ணைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு காவேரிப்பட்டணம். வீட்டில் அம்மா, நான், செவலை. செவலை என்பது எங்கள் கடுவன் பூனை. மூன்று வயது தாண்டிவிட்டது, கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று.

தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடித்து அழைத்து வந்ததிலிருந்து குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்வரை இங்கேதான் இருந்தாள். வந்த புதிதில் செவலை அவள் பக்கமே போகவில்லை. பிறகு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அவள் காலடியை விட்டு நகரமாட்டான் என்று ஆகிவிட்டது. குழந்தை வந்த பிறகு தூளிக்குக் கீழே படுத்துக்கொள்வான். குழந்தை மேல் ஒரு நாளும் நகம் பட்டதில்லை. அது அழுதால் எழுந்து வந்து அம்மாவைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பான், அவ்வளவுதான்.

போன வாரம் மாப்பிள்ளை வந்து இருவரையும் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து அவள் இருந்த அறையில் போய்க் கத்துகிறான். வழக்கமாகச் சோறு கேட்கிற குரல் இல்லை, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் கத்துகிறான். தூளி கட்டியிருந்த கொக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு மேலேயே பார்க்கிறான். தட்டில் வைப்பதில் பாதி அப்படியே கிடக்கிறது. நேற்று அவள் படுத்திருந்த மெத்தையில் மூத்திரம் போய்விட்டான். குட்டியாக வந்த நாளிலிருந்து இப்படிச் செய்ததே இல்லை.

அம்மாவுக்கு மகளும் பேரனும் போன வருத்தமே போதும், இதில் இவன் கத்தலில் தூக்கமும் போய்விட்டது. நான் ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், பாதி ராத்திரி வீட்டில் இருக்கமாட்டேன். இது தானாகச் சரியாகுமா, நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அரூர் டீச்சர்:
தம்பி, படிக்கும்போதே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இது பூனைகளுக்கு வரக்கூடியதுதான், பெரும்பாலும் சரியாகிவிடும். என் மகன் நாமக்கல்லில் ஹாஸ்டலுக்குப் போனபோது எங்கள் வீட்டுப் பூனை அவன் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மெத்தையில் மூத்திரம் போனது என்று சொன்னீர்களே, அதைப் பற்றி ஐயா யாராவது முதலில் சொன்னால் நல்லது.

பழைய கால்நடை:
தர்மபுரியில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்னது சரி. பாசம், ஏக்கம் எல்லாம் அப்புறம் பேசலாம். கடுவன் பூனை இடம் மாறி மூத்திரம் போனால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இன்று முழுக்க ஒரு வேலை செய்யுங்கள். அது மூத்திரம் போகிற இடத்தைக் கவனியுங்கள். திரும்பத் திரும்பப் போய் உட்காருகிறதா, முக்குகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகலானது. மனசு கலங்கினால் பூனைக்கு மூத்திரப்பை அழற்சி வருவது உண்டு. அதில் வரும் சளி மாதிரிப் பொருளும் உப்புத் துகளும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்று, பாதி சாப்பிடுகிறது என்றீர்கள், பரவாயில்லை. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும், கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாய் பட்டினி தாங்கும், பூனை தாங்காது. சோர்வாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். என் சர்வீஸில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தென்பெண்ணைக்கரை:
ஐயா, மிக்க நன்றி. காலையில் கூடையில் வைத்துக் கிருஷ்ணகிரிக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். மூத்திரப்பை இறுகவில்லை, காய்ச்சல் இல்லை, பல்லும் ஈறும் நன்றாக இருக்கின்றன என்றார். தண்ணீர் அதிகம் குடிக்க வையுங்கள், முக்கினால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார். மண் தொட்டியில் போனதையும் பார்த்தேன், ஒரே முறையில் தாராளமாகப் போகிறான். மெத்தையில் போனதும் அப்படித்தான், பெரிய வட்டம்.

ஆக உடம்பில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஏக்கம்தானே?

மலையடிவாரம்:
பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். நண்பர் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பூனை உண்டு. நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத் தேடும் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆள் வருவார்கள், போவார்கள், பூனை அடுப்படியை விட்டு நகராது. உங்கள் தங்கச்சி இருந்தபோது தினமும் மீனும் கறியும் கிடைத்திருக்கும், இப்போது அது நின்றிருக்கும், அதற்குத்தான் கத்துகிறது என்று நினைக்கிறேன். மனுஷ ஏக்கம் பூனைக்கு உண்டு என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஓசூர் மாடிவீடு:
அண்ணா, மீன் விஷயம் ஒரு பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பூனைக்கு ஆள் மேல் பிடிப்பு உண்டா இல்லையா என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. பூனைக்குட்டியை வளர்ப்பவரோடு பழக்கமில்லாத ஓர் அறையில் இரண்டு நிமிடம் விட்டார்கள். பிறகு அவர் வெளியே போய்விடுவார், குட்டி இரண்டு நிமிடம் தனியாக இருக்கும். மறுபடி அவர் உள்ளே வரும்போது அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கைக்குழந்தைகளையும் நாய்களையும் இதே மாதிரி முறையில்தான் பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் அவர் வந்ததும் பதற்றம் தணிந்து, அவரை ஒரு முறை உரசிவிட்டு, அறையைச் சுற்றிப்பார்க்கப் போய்விட்டன. வளர்ந்த பூனைகளிலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். அங்கே மீனும் இல்லை, அடுப்படியும் இல்லை. அந்த ஆள் இருந்ததுதான் பூனைக்குத் தெம்பு.

என் அம்மா தளியிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டுப் போகும்போதெல்லாம் எங்கள் பூனை வாசற்கதவை விட்டு நகராது. லிஃப்ட் சத்தம் கேட்டால் காது தூக்கும். அம்மா அதற்குச் சாப்பாடே வைத்ததில்லை, நான்தான் வைக்கிறேன். அப்போது அது யாரைத் தேடுகிறது?

மலையடிவாரம்:
நீங்கள் சொல்கிற ஆய்வு எனக்குத் தெரியாது அம்மா, படித்துப் பார்க்கிறேன். ஆனாலும் வாசற்கதவில் உட்காருவதை வைத்து இத்தனை சொல்லிவிட முடியுமா என்று தோன்றுகிறது. சரி, விவாதத்தை விடுங்கள், அவர் பூனை தூங்கட்டும்.

அரூர் டீச்சர்:
இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆள், சாப்பாடு இரண்டோடும் இன்னொன்று இருக்கிறது, அதுதான் நேரம். நேற்று எழுத நினைத்தது இதைத்தான். தம்பி, தங்கச்சி இருந்தபோது ஒரு நாள் எப்படிப் போகும் என்று விடியலிலிருந்து இரவுவரை எழுதுங்கள். சின்ன விஷயத்தையும் விடாதீர்கள்.

தென்பெண்ணைக்கரை:
சரி அக்கா, அம்மாவையும் கேட்டு எழுதுகிறேன்.

காலையில் அம்மா அடுப்புப் பற்ற வைக்கும்போது செவலை தங்கச்சி அறையிலிருந்து வெளியே வருவான். பத்து மணி வாக்கில் குழந்தைக்குக் குளிப்பாட்டு. அண்டாவில் வெந்நீர், அப்புறம் சாம்பிராணி. அந்தப் புகை அடங்கும்வரை கதவுக்கு வெளியே காத்திருந்து உள்ளே போவான். குழந்தை தூளியில் தூங்கும், தங்கச்சி சாப்பிட உட்காருவாள். பால் சுறா கிடைத்த நாள் புட்டு, இல்லையென்றால் டேம் மீன். அவள் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, ஒரு விரல் நுனியளவு சதையைத் தரையில் ஒரே இடத்தில்தான் வைப்பாள், கதவு நிலைக்குப் பக்கத்தில். மற்ற இடத்தில் வைத்தால் அவன் தொடமாட்டான்.

மதியம் அவள் ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால் மடிப்புக்குள் இவன் சுருண்டுகொள்வான். சாயந்தரம் அம்மா துணி மடிக்க, இவன் மேலேறி உட்கார, தள்ளிவிட்டு மறுபடி மடிக்க, அதுவே பொழுதுபோக்கு.

இரவுதான் முக்கியம். ஒன்றரை மணிக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை குழந்தைக்குப் பால் கொடுக்க எழுவாள். சின்ன நீல விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். செவலை எழுந்து போய் அவள் தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஒரு கை குழந்தைக்கு அடியில், இன்னொரு கை இவன் கழுத்தில். பாதித் தூக்கத்தில் தடவிக்கொண்டே இருப்பாளாம். குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டும்போது கயிறு கிரீச் கிரீச்சென்று கேட்கும், அது நிற்கும்வரை அங்கேயே இருப்பான்.

எழுதி முடித்துவிட்டுத்தான் பார்க்கிறேன், அவன் கத்துவது அதே ஒன்றரை மணிக்கு.

அரூர் டீச்சர்:
அதேதான் தம்பி. ஆள் போனதோடு அவனுடைய முழுநாளும் போய்விட்டது. குளிப்பாட்டு இல்லை, கதவு நிலை மீன் இல்லை, மதியத் தூக்கத்துக்கு முழங்கால் இல்லை, நடுராத்திரி விளக்கு இல்லை. இத்தனை மாதமும் ராத்திரி ஒன்றரை என்பது அவனுக்கு மனுஷர் விழித்திருக்கிற நேரம். இப்போது எழுந்து பார்க்கிறான், வீடு இருட்டாக இருக்கிறது, எல்லோரும் எங்கே என்று கேட்கிறான்.

தங்கச்சியை உங்களால் திரும்பக் கொண்டுவர முடியாது. நேரத்தைக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் இல்லை, இரண்டு மூன்றை. பத்து மணிக்கு அதே கதவு நிலையில் அம்மா ஒரு துண்டு மீன் வைக்கட்டும். மதியம் அம்மா அரை மணி நேரம் அந்த அறையிலேயே படுக்கட்டும், அவனைத் தூக்கி மடியில் போட வேண்டாம், அவனே வந்தால் வரட்டும். பாவம் என்று நாள் முழுக்கத் தூக்கிக் கொஞ்சினால் பூனைக்கு அது இன்னொரு புதுக் குழப்பம். கூப்பிடாமல் பக்கத்தில் இருப்பதுதான் அதற்குப் பிடித்தது. அந்த நேரத்தில் அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

மெத்தை உறையையும் போர்வையையும் ஒரேயடியாகத் துவைத்துப் போட்டுவிடாதீர்கள். பூனைக்குக் கன்னம், நெற்றி, பாதம் எல்லாவற்றிலும் வாசனைச் சுரப்பி இருக்கிறது. அது நம் மேல் முகத்தை உரசுவதே தன் வாசனையை நம் மேலும் நம் வாசனையைத் தன் மேலும் கலந்துகொள்ளத்தான். ஆள் போய், வாசனையும் ஒரே நாளில் போனால் அது தவித்துவிடும். தங்கச்சி உடுத்திய துணி எதையாவது விட்டுப் போயிருக்கிறாளா?

தென்பெண்ணைக்கரை:
தூளி கட்டியது அம்மாவின் பழைய நூல் புடவைதான். கழற்றி மடித்து அப்படியே பீரோவில் வைத்திருக்கிறார்கள், துவைக்க மனசு வரவில்லையாம். தங்கச்சியின் நைட்டி ஒன்றும் கொடியில் மறந்து கிடக்கிறது, ஆனால் துவைத்தது.

அரூர் டீச்சர்:
புடவை போதும். ஒரு பெட்டியிலோ கூடையிலோ போட்டு அந்த அறையிலேயே, மெத்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். கொக்கிக்குக் கீழே அவன் உட்காருகிற இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

பழைய கால்நடை:
டீச்சர் சொன்னதோடு சில நடைமுறைகளைச் சேர்க்கிறேன்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணியிலிருந்து பத்தரைக்குத் தள்ளுங்கள். அதற்கு முன்னால் கால் மணி நேரம் ஒரு குச்சியில் துணி கட்டி இழுத்து ஓட விடுங்கள். பூனையின் இயல்பு வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்று வரிசையாகப் போகும். ஓடி முடித்து வயிறு நிறைந்தால் நீண்ட தூக்கம் வரும். இரவு ஒன்றரைக்குக் கத்தும்போது எழுந்து போய்ச் சோறு வைக்காதீர்கள், வைத்தால் கத்தினால் சோறு வரும் என்று படித்துக்கொள்ளும். திட்டவும் வேண்டாம், தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். அந்த அறையில் அதே நீல விளக்கை மட்டும் இரவெல்லாம் எரிய விடுங்கள். பூனைக்கு இருட்டில் கண் தெரியும், விளக்கு அதற்குத் தேவையில்லை. ஆனால் பழகிய வெளிச்சம், அதனால் சொல்கிறேன்.

மீன் பற்றி ஒன்று. டேம் மீன் கெண்டை வகை என்றால் பச்சையாகப் போடாதீர்கள், வைட்டமின் பி1-ஐ அழிக்கிற பொருள் அதில் உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் தனியாக வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். தண்ணீர் உள்ளே போவது மூத்திரப்பைக்கு நல்லது. கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு அதிகம். கோழி ஈரல் கொஞ்சம் கொடுக்கலாம், தினமும் வேண்டாம். களியும் பால்சோறும் போட்டு வளர்ப்பது நம் ஊர் வழக்கம், ஆனால் பூனை கறி தின்னும் பிறவி. டாரின் என்று ஒரு சத்து, அது கறியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது, குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

மெத்தையில் போன இடத்தைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பினாயில் பூனைக்கு விஷம், காலில் பட்டதை நக்கினால் உள்ளே போகும். முதலில் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுங்கள், பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து தடவுங்கள், காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி உதறிவிட்டு வெயிலில் போடுங்கள். நம் மாவட்டத்து வெயிலுக்கு ஒரே நாள் போதும்.

புளியந்தோப்பு:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், என் கேள்வியையும் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்கவும். நாங்கள் பர்கூர் பக்கம். என் மகள் பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். வீட்டில் ஒரு பெட்டைப் பூனை இருக்கிறது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனை கூடாது, கரு கலைந்துவிடும், சாக்கில் கட்டிச் சந்தை நாளில் கொண்டுபோய் விட்டுவிடு என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். மகள் அந்தப் பூனையோடு வளர்ந்தவள், கேட்டால் அழுவாள். என்ன செய்வது?

ஓசூர் மாடிவீடு:
அப்பா, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்குச் சந்தையில் தெருநாயும் லாரியும்தான் மிஞ்சும். பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

பழைய கால்நடை:
பயத்துக்குக் காரணம் உண்டு, அதனால் சம்பந்தி வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு நுண்ணுயிரி. கர்ப்ப காலத்தில் முதல் முறையாகத் தொற்றினால் கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியது. ஆனால் அது பூனையைத் தொடுவதால், மடியில் வைப்பதால் வருவதில்லை. எலியோ பச்சைக் கறியோ தின்று அப்போதுதான் தொற்றிய பூனை, ஓரிரண்டு வாரம் மலத்தில் அதை வெளியேற்றும். வெளியே வந்த மலத்திலும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆகவே மண் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அதை மகள் செய்யக் கூடாது, நீங்களோ உங்கள் மனைவியோ செய்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்கு வேகவைத்ததையே போடுங்கள்.

பலருக்கு இது பூனையிடமிருந்து வருவதே இல்லை. சரியாக வேகாத ஆட்டுக்கறியிலும், மண் ஒட்டிய கீரையைக் கழுவாமல் தின்பதிலும் வருகிறது. தோட்டத்தில் வெறும் கையால் மண் கிளறுவதையும் மகள் தவிர்க்கட்டும். அவளுக்குப் பார்க்கிற டாக்டரிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லுங்கள், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை எழுதுவார். அந்தத் தாளைச் சம்பந்தி வீட்டில் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

புளியந்தோப்பு:
மிகவும் நன்றி ஐயா. மண் தொட்டி இனி என் பொறுப்பு. அப்படியே இன்னொன்றும் புரிந்தது, மகள் திரும்பிப் போகும்போது எங்கள் பூனைக்கும் இந்தக் கதை வரும் போலிருக்கிறது.

அரூர் டீச்சர்:
வரலாம். அதற்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. மகள் இருக்கும்போதும் பூனைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் இரவு விளையாட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே மகள் கையால் என்று ஆகிவிட்டால் அவள் போகிற அன்று எல்லாமே போகும். ஊருக்குப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

ராயக்கோட்டை வாசி:
செவலை அண்ணனுக்கு ஒரு யோசனை. தினமும் தங்கச்சியை வீடியோ கால் பண்ணச் சொல்லிப் பூனையிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அக்கா குரல் கேட்டால் பூனை போனை நக்கும்.

ஓசூர் மாடிவீடு:
இதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. குரல் தெரியும் என்பது உண்மை. ஜப்பானில் 2013-ல் வெளியான ஆய்வில், பூனையின் கண்ணில் படாமல் அதன் பெயரை முதலில் வேற்று ஆட்களும் பிறகு வளர்ப்பவரும் கூப்பிட்ட பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். வளர்ப்பவர் குரல் வந்ததும் காதும் தலையும் திரும்பின. ஆனால் பூனைகள் எழுந்து வரவில்லை, பதில் குரலும் பெரிதாகக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா குரலைப் போனில் கேட்டால் பூனை ஒவ்வொரு அறையாகப் போய்த் தேடுகிறது, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்க்கிறது. குரல் இருக்கிறது, வாசனையும் உடம்பும் இல்லை. அதனால் நான் நிறுத்திவிட்டேன். ராயக்கோட்டைப் பூனைக்குப் பிடித்தால் தொடரட்டும், செவலைக்கு ஒரு முறை மதியத்தில் போட்டுப் பாருங்கள், தேட ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள்.

மலையடிவாரம்:
ஒரு யோசனை எனக்கும். இத்தனை பாசம் என்றால் பூனையைக் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிடலாமே?

அரூர் டீச்சர்:
அனுப்பினால் அவனுக்குத் தங்கச்சி கிடைப்பாள், வீடு போய்விடும், அம்மா போய்விடுவார்கள். நீங்கள் முதலில் சொன்னது இங்கே பொருந்தும், பூனைக்கு வீடும் பெரிது. புது ஊரில் முதல் சில வாரம் ஓர் அறையிலேயே அடைத்துப் பழக்க வேண்டும், இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடி வெளியே போய்விடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு புகுந்த வீட்டில் அந்தப் பெண் இதையும் பார்ப்பது கஷ்டம். எனக்கு உடன்பாடில்லை.

தென்பெண்ணைக்கரை:
அம்மாவும் அதையேதான் சொன்னார்கள். இவனும் போய்விட்டால் வீட்டில் எனக்கு யார் என்றார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தூளிப் புடவையை மாங்காய்க் கூடையில் போட்டுக் கொக்கிக்கு நேர் கீழே வைத்தோம். முதல் நாள் அவன் கூடையைச் சுற்றி வந்தான், விளிம்பில் முகத்தைத் தேய்த்தான், புடவையை வாயைச் சற்றே திறந்தபடி ரொம்ப நேரம் முகர்ந்தான். ஆனால் உள்ளே ஏறவில்லை. மறுநாள் மதியம் அம்மா அறையில் படுத்திருந்தபோது ஏறி, முன்னங்காலால் மாற்றி மாற்றி அமுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டான். கதவு நிலை மீனை இப்போது அம்மா வைக்கிறார்கள். பத்து மணி ஆனதும் அவன் போய் நின்றுகொள்கிறான். தட்டு காலியாகிறது.

இரவில் இன்னும் எழுகிறான். ஒன்றிரண்டு குரல் கொடுத்துவிட்டுக் கூடைக்குப் போய்விடுகிறான். சில இரவு எழுவதே இல்லையாம். மெத்தையில் மறுபடி போகவில்லை. நான் பகல் ஷிப்ட் இருக்கிற வாரம் பத்து மணிக்குக் குச்சியில் துணி கட்டி ஓட்டுகிறேன், நைட் ஷிப்ட் வாரம் அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே இழுக்கிறார்கள். வீடியோ கால் ஒரு முறை பார்த்தோம், ஓசூர் சகோதரி சொன்னது போலத் தேட ஆரம்பித்துவிட்டான், நிறுத்திவிட்டோம். தங்கச்சிக்கு அதில் வருத்தம், ஆனால் காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டாள்.

ஒரே ஒரு சந்தேகம். ஆடிப்பெருக்குக்கு அவள் குழந்தையோடு வருகிறாள், ஒரு வாரம்தான் இருப்பாள். இப்போதுதான் தேறுகிறான், மறுபடி வந்து மறுபடி போனால் முதலிலிருந்து ஆரம்பிக்குமா? வராதே என்று சொல்லவும் முடியாது, அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசூர் மாடிவீடு:
வராதே என்று சொல்லவே வேண்டாம். என் அம்மா வந்து போவதில் நான் கவனித்தது, ஒவ்வொரு முறையும் வாசற்கதவில் உட்காருகிற காலம் குறைந்துகொண்டே வந்தது. போனால் வருவார்கள் என்று அதற்குப் பழகிவிட்டது என்றே நினைக்கிறேன். வந்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொள்வான் என்று தங்கச்சி எதிர்பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவள் மேல் இப்போது கோயம்புத்தூர் வீட்டு வாசனை இருக்கும். முதல் நாள் தள்ளி நின்று பார்க்கலாம். அவள் தரையில் உட்கார்ந்து, நேராக உற்றுப் பார்க்காமல், கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் போதும், அவனே வருவான்.

அரூர் டீச்சர்:
பத்து மணி மீனையும் இரவு விளையாட்டையும் அந்த வாரத்திலும் அம்மாவும் நீங்களுமே செய்யுங்கள். தங்கச்சி மடியும் முழங்காலும் கொடுக்கட்டும், அது போதும். அவள் புறப்படும் அன்று ஒரு நாளாவது உடுத்திய துணி ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பழைய கால்நடை:
நான் குழந்தை பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆடியில் அது தவழ ஆரம்பித்திருக்கும். தூளியில் கிடந்த குழந்தையைத்தான் செவலைக்குத் தெரியும். துரத்தி வந்து வாலைப் பிடிக்கிற குழந்தையைத் தெரியாது. எவ்வளவு சாதுவான பூனையும் வாலைப் பிடித்து இழுத்தால் அறையும். இருவரையும் ஆள் இல்லாமல் ஓர் அறையில் விடாதீர்கள். பீரோ மேலோ பரணிலோ அவன் ஏறி ஒதுங்க ஓர் இடம் வையுங்கள், அங்கிருந்து யாரும் இறக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டும் மண் தொட்டியும் குழந்தை தவழ்ந்து போக முடியாத இடத்துக்கு மாற வேண்டும், அதை இப்போதே தினம் கொஞ்சமாக நகர்த்துங்கள், அன்றைக்கு ஒரேயடியாக மாற்றாதீர்கள். நக நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள், உள்ளே தெரிகிற சிவப்பு வரைக்கும் போகாதீர்கள். பூச்சி மருந்து கொடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும், எப்போது போட்டீர்கள் என்று அட்டையைப் பாருங்கள்.

தென்பெண்ணைக்கரை:
அட்டையைப் பார்த்தேன் ஐயா, ஆடி பிறப்பதற்குள் அடுத்த ஊசி வருகிறது. இந்தச் சனிக்கிழமை லீவு, ஊசியும் பூச்சி மருந்தும் சேர்த்தே முடித்துவிடுகிறேன். தட்டை இன்று ஒரு முழம் நகர்த்தினோம், சாப்பிட்டுவிட்டான். பரணில் பழைய மாங்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே சாக்கு விரித்திருக்கிறேன், ஏறிப் பார்க்கிறானா என்று கவனித்து எழுதுகிறேன்.